இனிமைக்கு ஒரே குரல்தானா?

தீபாவளிக்கு முந்திய வார இறுதியில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். புடவைக் கடைக்காரர் ஒரு பாட்டைப் போடுவார். பக்கத்துக் கடைக்காரர் அதைவிடச் சத்தமாக இன்னொன்றைப் போடுவார். இரண்டுக்கும் நடுவில் பலகாரக் கடையிலிருந்து மூன்றாவது பாட்டு வரும். பாட்டு வட்டுகள் விற்ற கடைகள் குறைந்துவிட்டன. எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. ஆனால் ஒலிபெருக்கிகள் மட்டும் குறையவில்லை.

அந்தப் பாடல்களில் வரும் பெண் குரல்களை மட்டும் ஒருமுறை தனியாகக் கவனித்துப் பாருங்கள். பாடகிகள் பலர், பாடல்கள் பல நூறு. ஆனாலும் பெரும்பாலானவை மெலிந்த, உச்சத்தில் ஏறிய, கொஞ்சம் கொஞ்சலும் கலந்த ஒரே வகைக் குரலாகவே காதில் விழுகின்றன. நாமும் அதையே கேட்டு வளர்ந்ததால், பெண் குரல் என்றாலே அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். இதை யார் முடிவு செய்தது? கனத்த, கரகரப்பான, 'பாடுவது ஆணா பெண்ணா?' என்று திரும்பிப் பார்க்க வைக்கும் குரலோடு பிறந்த பெண் எங்கே போய்ப் பாடுவது?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்த ஒரு தமிழ்ப்பெண் இருக்கிறார். அவர்தான் உஷா உதுப். நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் 1990-இல் வெளிவந்த 'அஞ்சலி' படத்தில், இளையராஜாவின் இசையில் 'வேகம் வேகம்' என்று தொடங்கும் பாடலைக் கேட்டிருந்தால் அந்தக் குரலையும் கேட்டிருக்கிறோம்.

வகுப்பில் இடமில்லாத குரல்

உஷா 1947-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பம்பாயில் பிறந்தார். சென்னையைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பம். தந்தை காவல்துறை அதிகாரி. வீட்டு வானொலியில் கர்நாடக இசையும் இந்துஸ்தானி இசையும் மேல்நாட்டு இசையும் மாறி மாறி ஒலித்தன. அக்காமார் மேடையில் பாடுபவர்கள். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்து இசை வகுப்பு ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் குரல் மற்ற பிள்ளைகளின் குரலோடு சேரவில்லை என்பதுதான் காரணம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் இசை இருக்கிறது என்பது ஆசிரியைக்குப் புரிந்தது. ஆகவே பாட விடாமல், கையில் தாளக் கருவிகளைக் கொடுத்து வகுப்பில் உட்கார வைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிறுமிக்குச் சுருதி பிசகியது என்றோ தாளம் தவறியது என்றோ யாரும் சொல்லவில்லை. குறை சொல்லப்பட்டது குரலின் தன்மைக்கு மட்டுமே. ஆனால் அதே பிள்ளை ஒன்பது வயதில் இலங்கை வானொலியில் பாடினார். அமீன் சயானி நடத்திய நிகழ்ச்சியில் அந்த வாய்ப்புக் கிடைத்தது.

1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் அவருடைய தொழில் வாழ்க்கை தொடங்கியது. அங்கே சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று திரையரங்குகளைக் கொண்ட கட்டடம் ஒன்று இருந்தது. அதன் அடித்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற சிறிய இரவு விடுதி. அங்கே உஷா பாடினார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போகவே, விடுதி முதலாளி ஒரு வாரம் தங்கிப் பாடச் சொன்னார். அக்காலத்தில் இரவு விடுதிப் பாடகி என்றால் பளபளக்கும் மேல்நாட்டுக் கவுன்தான் உடை. உஷா பாடியதோ புடவையில். பிறகு நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் பூ, கை நிறைய வளையல், காஞ்சிபுரப் பட்டு என்று அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது. பாடிய பாட்டு ஆங்கிலம், பின்னால் இருந்தவை டிரம்ஸும் சாக்ஸஃபோனும். பாடியவர் நம் வீட்டுத் திருமணத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அத்தை மாதிரி இருந்தார்!

ஜாஸ் ஏன் ஏற்றுக்கொண்டது?

பள்ளி வகுப்பு தள்ளிய குரலை இரவு விடுதி எப்படி ஏற்றுக்கொண்டது? அங்கே ஒலித்த இசைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜாஸ் என்பது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் உருவாக்கிய இசை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வடிவம் பெற்றது. எழுதி வைத்த மெட்டை அப்படியே ஒப்புவிப்பது அங்கே பெருமையில்லை. தெரிந்த பாட்டையே எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில், அந்த நொடியில், பாடுபவர் தன் வழியில் விரித்துப் பாட வேண்டும். நம் கர்நாடக இசையில் கல்பனாஸ்வரம் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. அதனால் ஜாஸ் பாடகரிடம் முதலில் எதிர்பார்க்கப்படுவது 'உன் குரல் எது?' என்ற கேள்விக்கான பதில். லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரல் சரளைக்கல்லை உருட்டியது போலிருக்கும். பில்லி ஹாலிடேயின் குரல் ஒரு ஸ்தாயியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நம் ஊர்ப் பாட்டுப் போட்டியில் இருவருமே முதல் சுற்றைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அவர்களைத்தான் உலகம் அந்த இசையின் உச்சங்கள் என்று கொண்டாடுகிறது.

ஆகவே உஷா பாடப்போன இடத்தில், பள்ளியில் குறையாக எண்ணப்பட்டதே முகவரியாகிவிட்டது. சென்னைக்குப் பிறகு பம்பாய், அதன்பின் கல்கத்தா. அந்நாளில் கல்கத்தாவின் பார்க் ஸ்திரீட் ஜாஸ் இசைக்குப் பெயர்போன தெரு. அங்கே 'டிரிங்காஸ்' உணவகத்தில் பாடிய காலத்தில்தான் கேரளத்தவரான ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தார். உஷா ஐயர், உஷா உதுப் ஆனார். டில்லி ஓபராய் ஓட்டலில் அவர் பாடியதைக் கேட்ட தேவ் ஆனந்த் இந்திப் படவுலகுக்கு அழைத்தார். 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' (1971) வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் டிஸ்கோ பாடல்கள் அவரை நாடறிந்தவராக்கின. கென்யாவுக்குச் சென்று சுவாஹிலி மொழியில் பாடி, அந்நாட்டு அதிபர் ஜோமோ கென்யாட்டா கௌரவக் குடியுரிமை வழங்கும் அளவுக்கு மக்கள் மனத்தில் இடம்பிடித்தார்.

அவரை ஜாஸ் பாடகி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பாப், டிஸ்கோ, திரைப்பாடல், பக்திப் பாடல் என எல்லாம் பாடியவர். ஆனால் 'என் குரலில்தான் நான் பாடுவேன்' என்ற துணிவு விடுதி மேடையில் பழகியது. அதை அவர் கடைசிவரை விடவில்லை.

எதிர்ப்பும் வராமல் இல்லை. 1980-களில் மேற்கு வங்க அரசின் அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, உஷாவின் பாட்டு பண்பாட்டைக் கெடுப்பது என்று கூறி, அரசு அரங்குகளில் அவர் பாடத் தடை போட்டார். உஷா நீதிமன்றம் சென்று வென்றார். புடவை கட்டிப் பொட்டு வைத்த பெண்ணையே பண்பாட்டைக் கெடுப்பவர் என்று சொல்ல முடிந்தது என்றால், உறுத்தியது உடையன்று, அந்தக் குரலும் அது பாடிய இசையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்திய அரசு அவருக்கு 2011-இல் பத்மஸ்ரீ விருதும் 2024-இல் பத்மபூஷண் விருதும் வழங்கியது. '7 கூன் மாஃப்' படத்தில் பாடிய 'டார்லிங்' பாடலுக்காக, ரேகா பரத்வாஜுடன் இணைந்து ஃபிலிம்ஃபேர் விருதை அவர் பெற்றபோது வயது அறுபத்து நான்கு.

தமிழ் கேட்டது எவ்வளவு?

இவ்வளவு சாதித்த ஒரு தமிழ்ப்பெண்ணைத் தமிழ்த்திரை எத்தனை முறை அழைத்தது? விரல்விட்டு எண்ணிவிடலாம். அழைத்தபோதும் விரைவுப் பாட்டு, மேல்நாட்டுப் பாட்டு என்றே பெரும்பாலும் அழைத்தது. கதாநாயகி தாலாட்டுப் பாடும் இடத்தில் அந்தக் குரலை வைத்துப் பார்க்க யாருக்கும் துணிவு வரவில்லை.

இது உஷாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. எல்.ஆர். ஈஸ்வரியை எடுத்துக்கொள்வோம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாயகிக்கு ஒரு குரல், விடுதியில் ஆடுபவளுக்கு இன்னொரு குரல் என்று திரையுலகம் பிரித்து வைத்திருந்தது. அந்த இரண்டாவது குரலுக்குரிய பாட்டுகள் பெரும்பாலும் ஈஸ்வரிக்கே போயின. குரலில் வீரியமும் துள்ளலும் இருந்தால் அவள் நல்ல குடும்பத்துப் பெண்ணாக இருக்க முடியாது என்று படம் பார்த்தவர்கள் பழக்கப்படுத்தப்பட்டார்கள். ஆனால் ஆடி மாதம் நம் மாரியம்மன் கோயில்களில் விடியற்காலையில் ஒலிபெருக்கியில் முழங்குவது யாருடைய குரல்? அதே ஈஸ்வரியின் குரல்தான். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தோட்டத்துக் கோயில்களிலும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நம் தாய்மார்கள் தீச்சட்டி ஏந்துகிறார்கள். ஒரே தொண்டையிலிருந்து விடுதிப் பாட்டும் வந்தது, அம்மன் பாட்டும் வந்தது. அப்படியென்றால் பிரிவினை குரலில் இல்லை. கேட்டவர்களின் காதில் இருந்தது.

நம் மரபே அப்படித்தான் என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் சரியன்று. டி.கே. பட்டம்மாள் (1919–2009) பாடிய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். கீழ்ச்சுருதியில் நின்று பாடும் ஆழ்ந்த, கம்பீரமான குரல். பெண்கள் மேடையில் பாடத் தயங்கிய ராகம் தானம் பல்லவியைத் துணிந்து பாடிப் பெயர் பெற்றவர் அவர். கர்நாடக இசையின் மும்மூர்த்தியர் என்று எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.எல். வசந்தகுமாரி ஆகியோரோடு சேர்த்து அவரையும் போற்றுகிறார்கள். அந்தக் கனத்த குரலை நம் முன்னோர் தலைகுனியாமல் ரசித்தார்கள். ஆகவே ஒற்றைக் குரல் மோகம் தொன்மையான மரபன்று. திரையிசை நம் காதில் ஏற்றி வைத்த பிற்காலப் பழக்கம் அது.

நம் மேடைகளில் நடப்பது

இனி நம் சொந்த வீட்டுக்கு வருவோம். ஆண்டுதோறும் பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் கலை இரவு நடத்துகின்றன, பாடல் திறன் போட்டி நடத்துகின்றன. போட்டியாளர் தமக்குப் பிடித்த திரைப்பாடலின் குரல் நீக்கிய இசையைக் கொண்டுவருகிறார். அந்த இசை அசல் பாடகியின் சுருதியில் அமைந்தது. நம் பாட்டு ஆசிரியர்கள் கட்டைக் கணக்கில் சொல்வதுபோல், பெண்கள் வழக்கமாக ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். அதற்கும் கீழே பாடினால்தான் மலரும் குரலுடைய பெண், வேறொருத்தியின் சுருதிக்கு எட்டி எட்டிப் பாட வேண்டியிருக்கிறது. உச்சத்தில் குரல் கீச்சிடுகிறது. உடனே நீதிபதி, 'குரல் இனிமை' என்ற கட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். பிறருடைய செருப்பைப் போட்டு ஓடச் சொல்லிவிட்டு, நடை சரியில்லை என்று தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர் இருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் தேவாரப் போட்டியில் அவரைச் சேர்த்ததே இல்லை. 'பையன் குரல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் கோயர் எனப்படும் சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்தார். அங்கே பாட்டு ஒரே வரியாக இல்லை. மேலே பாடுபவர்கள் சொப்ரானோ, கீழே பாடுபவர்கள் ஆல்ட்டோ. கீழ்க்குரல் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு நிற்கவே நிற்காது. எனவே பயிற்சி ஆசிரியை அவரைத் தேடிப் பிடித்து ஆல்ட்டோ வரிசைக்குத் தலைமையாக்கினார். பள்ளிக்காக மாவட்ட அளவில் பாடினார். பல்கலைக்கழகத்துக்கு வந்து, தமிழ்க் கலைநிகழ்ச்சி ஒன்றின் தேர்வுச் சுற்றில் மறுபடியும் தமிழில் பாடினார். 'குரலில் பெண்மை இல்லையே' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் பாடுகிறார், ஆனால் மலாய்ப் பாட்டும் ஆங்கிலப் பாட்டும் மட்டும். தமிழில் பாடக் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்.

எனக்கு வருத்தம் அந்தச் சிரிப்பில்தான். தமிழ்ப்பள்ளியைக் காப்போம், தாய்மொழியைக் காப்போம் என்று நாம் உரக்கப் பேசுகிறோம். அதே மூச்சில், தமிழில் பாட விரும்பும் ஒரு பெண்ணிடம் 'உன் குரலுக்கு இங்கே இடமில்லை, வேறு மொழிக்குப் போ' என்று கதவைக் காட்டுகிறோம். மொழியை விட்டுப் போகிறவர்களைக் குறை சொல்லும் முன், அவர்களுக்கு நாம் இருக்கை போட்டோமா என்று பார்க்க வேண்டாமா?

இதற்கு முன்பும் இப்படி நடந்ததுண்டு. பினாங்கில் பிறந்த லோகநாதன் ஆறுமுகமும் அவர் அண்ணன் டேவிட் ஆறுமுகமும் 'அலிகேட்ஸ்' குழுவில் பாடி, 1970-களின் இறுதியிலிருந்து மலாய்ப் பாப் இசையில் கொடிகட்டிப் பறந்தவர்கள். 2007-இல் லோகநாதன் மறைந்தபோது நாடே வருந்தியது. அந்தக் குரலை மலேசியர் அனைவரும் தம்முடையது என்று சொல்கிறார்கள். தமிழ்ப் பாட்டில் அந்தக் குரலை நாம் எவ்வளவு கேட்டிருக்கிறோம்?

மறுப்புகளுக்கு மறுமொழி

இரவு விடுதியில் பாடியவரை மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாமா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். மது பரிமாறும் இடத்தில் பாடியும் தம் உடையையும் ஒழுங்கையும் மாற்றிக்கொள்ளாதவர் உஷா. நம் ஊரிலும் ஓட்டல்களில் பாடிக் குடும்பத்துக்குச் சோறு போடும் தமிழ்ப் பெண்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேரால் அதை உறவினர் வீட்டுத் திருமணத்தில் தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறது? உழைப்பை மறைக்க வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளியது விடுதியன்று, நாம்தான்.

ஜாஸ் அந்நிய இசை, தமிழ் அமைப்புக்கு அது எதற்கு என்றும் கேட்கலாம். வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? ஜாஸ் இசையின் உயிர்நாடியான சாக்ஸஃபோனிலேயே தியாகராஜர் கீர்த்தனைகளை வாசித்துக் காட்டினார் கத்ரி கோபால்நாத். பக்கத்தில் இருப்பவர்களையும் பார்ப்போம். மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நாலு எட்டு வைத்தால் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை. அங்கே நாம் கேட்கும் பி. ரம்லியின் பழைய பாடல்களை ஷீலா மஜித் 1990-இல் 'லெஜெண்டா' தொகுப்பில் ஜாஸ் சாயலில் புதிதாகப் பாடினார். அதனால் மலாய் இசை அழிந்துவிடவில்லை. புதிய தலைமுறை ஒன்று ரம்லியைத் தேடிக் கேட்டது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவில்லாத மூன்று காரியங்களை முன்வைக்கிறேன். முதலாவது, பாடல் போட்டிகளில் போட்டியாளர் தம் குரலுக்கேற்பச் சுருதியை இறக்கியோ ஏற்றியோ பாடலாம் என்று விதியிலேயே எழுதுவோம். கணினியில் இரண்டு நிமிட வேலை அது. இரண்டாவது, மதிப்பெண் தாளில் உள்ள 'குரல் இனிமை' என்ற கட்டத்தை நீக்கிவிட்டு, சுருதி, தாளம், உச்சரிப்பு, உணர்வு ஆகியவற்றுக்கு அந்த மதிப்பெண்ணைப் பகிர்ந்து கொடுப்போம். இந்நான்கையும் பயிற்சியால் வளர்க்கலாம். பிறவிக் குரலை வளர்க்க முடியாது. மூன்றாவது, ஆண்டுக் கலை இரவில் ஒரே ஓர் அங்கத்தை மேல்குரல், கீழ்க்குரல் என்று பிரித்துப் பாடும் தமிழ்ச் சேர்ந்திசைக்கு ஒதுக்குவோம். இசைத்துறையில் சாக்ஸஃபோனும் பியானோவும் பயிலும் நண்பர்களை, எந்த இனத்தவராயினும், துணைக்கு அழைப்போம். அவர்களும் நம் பாட்டைக் கற்றுக்கொள்ளட்டும்.

உஷா உதுப்பின் கையில் பள்ளிக்கூடம் தாளக் கருவியைக் கொடுத்தது. அவர் வேறு மேடை தேடிப் போய்ப் பாடிக்காட்டினார். அந்தத் துணிவு எல்லாப் பெண்களுக்கும் வாய்க்காது. பலர் தாளக் கருவியோடு மூலையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த கலை இரவுக்கான தேர்வுச் சுற்று தொடங்குமுன், நீதிபதிகளாக அமரப்போகும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கனத்த குரலில் ஒரு பெண் பாடத் தொடங்கினால், முதல் வரியிலேயே முகம் சுளிக்காமல், பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டுப் பிறகு மதிப்பெண் போடுங்கள்.